என்ன பண்ணுது?

எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் நம்மிடம் கேட்பது இதைத்தான். சீட்டுப் போடும் இடத்தில் ஒருமுறை, ஊசி போடும் அறை வாசலில் ஒருமுறை, டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் இன்னொருமுறை. கோபி பக்கம் எங்கள் ஊரில் ஒரு 'ங்க' சேர்த்து "என்ன பண்ணுதுங்க?" என்பார்கள். பதில் தெளிவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. "என்னமோ பண்ணுதுங்க" என்று சொன்னால்கூட டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கையில் எடுத்துவிடுவார். உடம்பு ஏதாவது பண்ணினால் போக வேண்டும், பண்ணாதவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. அப்படித்தான் வளர்ந்தோம். என் பெரியம்மா இந்தக் கேள்விக்கு "ஒண்ணும் பண்ணலீங்க" என்று பதில் சொல்லிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். 2013, ஆடி மாதம். அவரைக் கைப்பிடித்து எழுப்பிக் கூட்டிவந்தது நான். இத்தனை வருடங்களில் அந்த ஒரு காலைப் பொழுதை எத்தனை முறை திரும்பத் திரும்ப நினைத்திருப்பேன் என்று கணக்கில்லை.

அன்றைக்குப் போனது பெரியம்மாவின் பிரஷர் மாத்திரைக்காக. மாதம் ஒருமுறை போய் வாங்கிவருவார். நான் லீவில் ஊருக்கு வந்திருந்ததால் வண்டியில் கூட்டிப்போனேன். பிரஷர் பார்த்து எழுதிய சிஸ்டர், நோட்டை மூடாமலே கேட்டார்: "கர்ப்பப்பை டெஸ்ட் ஒண்ணு இருக்குதுங்கம்மா. முப்பது வயசுக்கு மேல எல்லாரும் பண்ணிக்கலாம். காசு ஒண்ணும் இல்லை. அஞ்சு நிமிசம்தான். பண்ணிக்கிறீங்களா?" பெரியம்மா என்னைப் பார்த்தார். பிறகு சிஸ்டரைப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் பண்ணலீங்களே, தூரம் நின்னும் மூணு வருசம் ஆச்சு, இனி என்னத்துக்குங்க?" என்றார். மாதவிலக்கைத்தான் தூரம் என்பார். சிஸ்டர் விடாமல் ஏதோ விளக்க ஆரம்பித்தார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் மேஜையும் அதன்மேல் வளைந்த விளக்கும் தெரிந்தன. பெரியம்மாவின் கை என் கையை இறுக்கியது. நான்தான் சொன்னேன்: "விடுங்க சிஸ்டர், அவங்க பயப்படறாங்க. இன்னொரு நாள் கூட்டிட்டு வர்றேன்." சிஸ்டர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அந்த 'இன்னொரு நாள்' வரவே இல்லை.

2015 சித்திரையில் பெரியம்மாவுக்கு மறுபடி உதிரம் பட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு முன்பே பல மாதமாக வெள்ளைப்பட்டுக்கொண்டிருந்தது, வாடையும் இருந்திருக்கிறது. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்திருக்கிறார், இளநீர் குடித்திருக்கிறார், மதியம் மோர்ச் சோறு மட்டும் சாப்பிட்டிருக்கிறார். இடுப்பு வலிக்கு மஞ்சள் காட்டில் குனிந்து குனிந்து வேலை செய்ததுதான் காரணம் என்று நம்பியிருக்கிறார். அக்கா, அதாவது அவருடைய மகள், ஒரு நாள் துவைக்கும் கல்லில் சேலையைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய்க் கூட்டிக்கொண்டு ஓடியபோது கருப்பை வாய்ப் புற்றுநோய் இடுப்புச் சுவர் வரை போயிருந்தது. மூன்றாம் கட்டம். கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் 25 நாள் கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சு என்று படித்தவர்கள் சொல்வதை எங்கள் வார்டில் எல்லோரும் 'கரண்ட்' என்றுதான் சொன்னார்கள். "உங்களுக்கு எத்தனையாவது கரண்ட்?" என்று பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். வாரம் ஒரு மருந்து பாட்டில். அப்புறம் உள்ளே வைக்கும் கரண்ட். 2016 கார்த்திகையில் பெரியம்மா போய்விட்டார்.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தூரம் நின்ற பிறகு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும், புருசன் பெண்டாட்டி சேர்ந்த பிறகு உதிரம் பட்டாலும், இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் பட்டாலும், வாடையோடு வெள்ளைப்பட்டாலும் அதற்கு முகாம் எப்போது வரும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த வாரமே மகளிர் மருத்துவரிடம் போய்விட வேண்டும். அது உடம்பு ஏதோ பண்ணுகிற நிலை. நான் இங்கே எழுத நினைப்பது அதற்கு முந்தைய, உடம்பு ஒன்றுமே பண்ணாத அந்த நீண்ட காலத்தைப் பற்றி.

சத்தமில்லாத பதினைந்து வருடம்

பெரியம்மா போன பிறகுதான் நான் இதைப் படிக்க ஆரம்பித்தேன். கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே ஹெச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்ற வைரஸால் வருகிறது. இதை முதலில் சொன்ன ஜெர்மானியர் ஹரால்ட் ஸுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த வைரஸில் எத்தனையோ வகை. 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு வகைகள் மட்டுமே நூற்றில் 70 புற்றுக்குக் காரணம். உடலுறவு வாழ்க்கை உள்ள ஆண், பெண் யாருக்கும் இது ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டினவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே அதைத் துடைத்துவிடுகிறது. சிலருக்கு மட்டும் போகாமல் தங்கிவிடுகிறது. தங்கினாலும் உடனே புற்று ஆகிவிடுவதில்லை. கருப்பை வாயின் மேல்தோல் அணுக்கள் மெல்ல மெல்ல உருமாறி, அது புற்றாக முற்ற 15 முதல் 20 வருடம் ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அதைவிட வேகமாக வரும்.

அந்தக் கணக்கைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினைந்து வருடம் என்றால், அக்காவுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த காலம். பெரியம்மா தலையில் மஞ்சள் மூட்டை தூக்கிக்கொண்டு நடந்த காலம். ஊர்ப் பொங்கலுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்த காலம். அவ்வளவு நாளும் அது அங்கே இருந்திருக்கிறது, ஒன்றுமே பண்ணாமல். அந்தப் பதினைந்து வருடத்தில், அணுக்கள் உருமாறிய நிலையிலேயே கண்ணில் பட்டிருந்தால் பெரும்பாலும் பத்து நிமிட வேலையில் தீர்ந்திருக்கும்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். முகாம் பேனர்களில் எல்லாம் 'வருமுன் காப்போம்' என்று எழுதியிருக்கும். நல்ல சொல். ஆனால் இந்தப் பரிசோதனை தடுப்பூசியைப் போல வருமுன் காப்பது இல்லை என்பதை நாம் யாரும் மக்களிடம் தெளிவாகச் சொல்வதில்லை. வருமுன் காப்பது தடுப்பூசி; புகையிலையைக் கையால் தொடாமல் இருப்பது. பரிசோதனை என்பது உருமாற்றம் வந்தும் இன்னும் நமக்குத் தெரியாமல் இருப்பதை, அது புற்றாக முற்றும் முன் தேடிப் பார்ப்பது. இரண்டையும் ஒரே பேனரில் போட்டதால்தான் என் பெரியம்மா போன்றவர்கள், "எனக்கு வராதுங்க, நான் ஒரு கெட்ட பழக்கமும் இல்லாதவ" என்று எழுந்துவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்றும் இல்லாதவர்களின் உடம்பு

இந்தச் சோதனைகளின் கதையைத் தேடிப் போனால் முதலில் வருவது நியூயார்க்கில் வேலை பார்த்த கிரேக்க மருத்துவர் ஜார்ஜ் பாப்பனிக்கொலாவ். 'பாப் ஸ்மியர்' என்பதில் இருக்கும் பாப் அவர்தான். சீமைப்பெருச்சாளிகளின் உயிரணுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, மனித உடம்பில் இயல்பான அணு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்கு மாதிரி கொடுத்தவர் அவர் மனைவி ஆண்ட்ரோமாக்கே. நோயாளியாக இல்லாமல் நல்ல உடம்போடு, இருபது வருடத்துக்கு மேல் திரும்பத் திரும்பக் கொடுத்திருக்கிறார். எனக்கு இந்தச் செய்தி பெரிய விஷயமாகப் பட்டது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பெண்களைக் காப்பாற்றிய ஒரு சோதனை, 'எனக்கு ஒண்ணும் பண்ணல' என்ற ஒரு பெண்ணின் பொறுமையிலிருந்து தொடங்கியிருக்கிறது.

பாப் ஸ்மியருக்கு ஆய்வகம் வேண்டும், அணுக்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும், முடிவு வர நாளாகும். நம் ஊர்களில் அது நடக்கவில்லை. நம் ஊருக்குச் சரிப்பட்டது எது என்று காட்டியது பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டம். ஒட்டன்சத்திரத்தை ஒட்டிய அம்பிளிக்கையில் ஒரு மிஷன் மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, பிரான்சில் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மூன்றும் சேர்ந்து 2000-இல் ஓர் ஆய்வைத் தொடங்கின. ஆர். சங்கரநாராயணன் தலைமை. கருவி என்று பார்த்தால் வினிகரில் இருக்கும் அதே அசெட்டிக் அமிலம், 4 சதவீதக் கரைசலாக. அதைப் பஞ்சில் தோய்த்துக் கருப்பை வாயில் ஒற்றி ஒரு நிமிடம் பொறுத்தால், உருமாறிய இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். பார்த்துச் சொன்னவர்கள் டாக்டர்கள்கூட இல்லை, பயிற்சி பெற்ற செவிலியர்கள். வெள்ளைத் திட்டு தெரிந்த பெண்களுக்குப் பெருக்கிக் காட்டும் கருவியால் பார்த்து, தேவைப்பட்டால் குளிரூட்டி உறையவைத்து அந்தத் திட்டை அழித்ததும் அவர்கள்தான். 30 முதல் 59 வயது வரை 31,343 பெண்கள் சோதனை செய்துகொண்டார்கள். 2007-இல் முடிவு வந்தது: சோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்று வருவது 25 சதவீதமும், அதனால் சாவது 35 சதவீதமும் குறைந்திருந்தன. வாழ்நாளில் ஒரே ஒரு முறை, ஒரு பஞ்சும் வினிகரும் வைத்துப் பார்த்ததற்கு இவ்வளவு பலன்.

இதே ஆய்வில் மனதை உறுத்தும் பக்கமும் உண்டு, அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில ஊர்களில் சோதனை நடத்தாமல் விட்டார்கள். திண்டுக்கல், மும்பை, மராட்டியத்தின் உஸ்மானாபாத் என இதே மாதிரி நடந்த மூன்று ஆய்வுகளிலும் சோதிக்கப்படாத பெண்களில் 254 பேர் இந்த நோயில் இறந்தார்கள் என்று பின்னால் பெரிய விவாதம் எழுந்தது. அன்றைக்கு இந்தியாவில் எந்த ஏழைப் பெண்ணுக்கும் இந்தச் சோதனை கிடைத்ததில்லை, வழக்கமான கவனிப்பு அதுதான் என்பது ஆய்வு செய்தவர்கள் சொன்ன பதில். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. பெருக்கல் கணக்கில் பார்த்தால் அந்த ஆய்வுகளால் பிழைக்கப்போகிறவர்கள் அதிகம் என்பதும் உண்மைதான். ஆனால் யாரும் வந்து கதவைத் தட்டாமல் விட்ட அந்தப் பெண்களை நினைக்கும்போது, கதவைத் தட்டிக் கூப்பிட்டும் எழுந்து வந்த நாங்கள் என்ன பதில் சொல்வது என்றுதான் எனக்குத் தோன்றும்.

அதே வழியில்தான் தமிழ்நாடு அரசு 2007 வாக்கில் தேனியிலும் தஞ்சாவூரிலும் முதலில் தொடங்கி, பிறகு எல்லா மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் இதைக் கொண்டுபோனது. எங்கள் ஊர் சிஸ்டரின் மேஜைமேல் வளைந்த விளக்கு வந்தது அப்படித்தான். இவ்வளவு செய்தும், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது ஒருமுறை இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் நூற்றில் 10 பேர்கூட இல்லை. நாடு முழுக்கப் பார்த்தால் 2 பேர்கூட இல்லை. 2022-இல் இந்தியாவில் 1,27,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்குப் புதிதாக இந்தப் புற்று வந்தது. கிட்டத்தட்ட 80,000 பேர் இறந்தார்கள் என்று அதே லியோன் முகமையின் மதிப்பீடு சொல்கிறது.

"ஒண்ணும் பண்ணலன்னாத்தான் இந்த டெஸ்ட்"

இவ்வளவையும் படித்துத் தெரிந்துகொண்ட நான் 2024 வரை சோதனை செய்துகொள்ளவில்லை. பக்கத்து மேஜைக்காரிக்கெல்லாம் சொல்வேன். தங்கைக்குப் போனில் சொல்வேன். எனக்கு மட்டும் ஆடிட் முடியட்டும், மகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனது. பயம்தான். பெரியம்மாவின் கை என் கையை இறுக்கிய அதே பயம். மேஜைமேல் படுப்பது, சேலையை உயர்த்துவது, யாராவது உள்ளே வந்துவிடுவார்களோ என்பது, எல்லாவற்றுக்கும் மேல் ஏதாவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்பது. படித்தவளுக்கு இந்தப் பயம் குறைவாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். எனக்கு ஒவ்வொரு கட்டமும் பெயரோடு தெரியும், அதனால் கூடுதலாகவே இருந்தது.

2023 கடைசியில் ஈரோடு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி என நான்கு மாவட்டங்களில் வீடு வீடாக அழைப்புச் சீட்டுக் கொடுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குக் கூப்பிடும் திட்டம் தொடங்கியது. வாய், மார்பு, கருப்பை வாய் மூன்றுக்கும். அடுத்த தைப்பொங்கலுக்கு நான் ஊரில் இருந்தபோது, அம்மாவுக்குச் சுகர் மாத்திரை கொண்டுவரும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்து அக்கா சீட்டோடு வந்தார். அம்மாவிடம் பேசிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்களும் வந்துருங்க கண்ணு, ஊர்ல இருக்கறப்பவே. நாளைக்கு வியாழக்கெழம. கூட்டம் இருக்காது." அவ்வளவுதான் சொன்னார். கல்யாணத்துக்குக் கூப்பிடுவதைப் போலச் சொன்னார்.

மறுநாள் அதே ஆரம்ப சுகாதார நிலையம். பெஞ்ச் மாறியிருந்தது, சிஸ்டரும் வேறு. நோட்டைத் திறந்து பேர், வயது, குழந்தை எத்தனை என்று எழுதிக்கொண்டே வழக்கம்போல் கேட்டார், "என்ன பண்ணுதுங்க?" என் வாயிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்ததைப் போல இருந்தது. "ஒண்ணும் பண்ணலீங்க சிஸ்டர்." அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "ஒண்ணும் பண்ணலன்னாத்தான் இந்த டெஸ்ட். உள்ள வாங்க." என் மனதில் பதினொரு வருடமாகக் கிடந்த ஏதோ ஒன்று அந்த இடத்தில் அசைந்தது. 2013-இல் அந்த சிஸ்டர் ஒருவேளை இதைத்தான் சொல்ல ஆரம்பித்திருப்பார். முழுசாகச் சொல்லி முடிக்க நான் விடவில்லை.

சோதனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், தெரியாத பயம்தான் பெரிய பயம். திரையை இழுத்துக் கதவையும் தாழிட்டார். மேஜைமேல் படுத்து முழங்காலை மடக்கச் சொன்னார். கருவி வைக்கும்போது இறுக்கமாக இருந்தது, வலி என்று சொல்ல முடியாது. பஞ்சை ஒற்றியதும் லேசான எரிச்சல். "அறுபது எண்ணுங்க" என்றார். நான் எண்ணினேன். நாற்பத்தெட்டு எண்ணும்போது அவர் விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்தார். எண்ணி முடித்ததும் உடனே எதுவும் சொல்லவில்லை. பிறகு, "ஒரு எடத்துல லேசா வெள்ளையா இருக்குதுங்க. பயப்பட வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரில கேமராவுல ஒருக்கா பாத்துரலாம்" என்று சொல்லி, கடிகாரத்தில் 11 மணி இருக்கும் இடத்தில் திட்டு என்று நோட்டில் ஒரு வட்டம் போட்டுக் குறித்தார். அந்தச் சின்ன வட்டத்தை நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

அதற்கடுத்த நாட்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அரசு மருத்துவமனையில் கருவி வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தார்கள், கடுகளவு சதை எடுத்தார்கள், முடிவுக்கு ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். அந்த ஒன்பது நாளும் நான் மகளின் தலைமுடியைப் பின்னிவிடும்போதுகூட இனி எத்தனை நாள் என்று எண்ணினேன். பத்தாம் நாள் டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "புண்ணுதாம்மா, அழற்சி. மாத்திரை தர்றேன். வேற ஒண்ணும் இல்ல. அஞ்சு வருசம் கழிச்சு மறுபடி வந்து பாத்துக்குங்க." வினிகர் சோதனையில் இப்படிப் பொய் எச்சரிக்கை நிறைய வரும். சாதாரணப் புண்கூட வெள்ளையாகத் தெரியும். அந்த ஒன்பது நாள் வேதனை வீண்தானே என்று தங்கை கேட்டாள். நான் அப்படி நினைக்கவில்லை. பெரியம்மா சொன்ன 'ஒண்ணும் இல்ல'வுக்கும் டாக்டரம்மா சொன்ன 'ஒண்ணும் இல்ல'வுக்கும் நடுவில் ஒருவர் விளக்கைக் கிட்டே இழுத்து உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அதற்கு ஒன்பது நாள் கொடுக்கலாம்.

எதை வேண்டுமானாலும் தேடிப் பார்க்கக் கூடாது

இப்படி எழுதுவதால், காசு இருந்தால் எல்லா டெஸ்டையும் எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. என் அலுவலகத்தில் வருடப் பிறப்புக்கு முழு உடல் பரிசோதனை கூப்பன் கொடுக்கிறார்கள். ரத்தத்திலேயே புற்றைக் கண்டுபிடிப்போம் என்று அதில் நாலைந்து பெயர்கள். நல்ல உடம்போடு இருக்கும் பொதுமக்களுக்கு அவற்றில் பெரும்பாலானவற்றால் உயிர் பிழைத்ததாகச் சான்று இல்லை. தென்கொரியாவில் என்ன நடந்தது என்று படித்துப் பாருங்கள். 1999-இல் இருந்து அங்கே புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வந்தபோது, கூடவே கொஞ்சம் காசு கொடுத்துத் தைராய்டையும் ஸ்கேன் பண்ணிக்கொள்ளும் பழக்கம் பரவியது. 2011-இல் தைராய்டு புற்று என்று கண்டறியப்பட்டவர்கள், 1993-ஐப் போல 15 மடங்கு. ஆனால் அந்த நோயால் சாகிறவர்கள் எண்ணிக்கை அசையவே இல்லை. அதாவது, சாகும்வரை ஒன்றும் பண்ணாமலே இருந்திருக்கக்கூடிய புள்ளிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் கழுத்தில் ஆபரேஷன் செய்துகொண்டு வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட்டார்கள்.

ஆகவே தேடிப் பார்ப்பதற்கும் கணக்கு உண்டு. அந்த நோய் மெதுவாக முற்ற வேண்டும், முற்றும் முன் பிடித்தால் எளிதாகத் தீர்க்க முடிய வேண்டும், தேடினவர்கள் தேடாதவர்களைவிடக் குறைவாகச் சாக வேண்டும். கருப்பை வாய் இந்தக் கணக்கில் நன்றாகத் தேறுகிறது. வாய்ப் புற்றும், புகையிலை, மது பழக்கம் உள்ளவர்கள் மட்டில் தேறுகிறது; திருவனந்தபுரத்தில் டார்ச் அடித்து வாயைப் பார்த்ததிலேயே அப்படிப்பட்டவர்களிடம் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-இல் நிரூபித்தார்கள். எங்கள் சித்தப்பா இருபது வருடமாகக் கன்னத்தில் புகையிலை அடக்கிவைப்பவர். அவர் வாயைத் திறந்து காட்டுவதற்கு ஐந்து நிமிடம் செலவழித்தால் போதும், அதற்குத்தான் நான் இப்போது ஊருக்குப் போகும்போதெல்லாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெரியம்மா விஷயத்தில் இன்னொன்றும் பிறகு தெரிந்துகொண்டேன். வினிகர் சோதனையில் பார்க்க வேண்டிய இடம், தூரம் நின்ற பெண்களுக்கு மெல்ல உள்பக்கம் போய்விடும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இந்தச் சோதனை அவ்வளவு நம்பகமானது இல்லை. அன்றைக்கு அவருக்கு 55. அந்த ஆடி மாதம் அவர் உள்ளே போயிருந்தாலும் வெள்ளைத் திட்டு கண்ணில் பட்டிருக்காமல் போயிருக்கலாம். இதை எனக்கு ஆறுதலாகச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது ஆறுதலாக இல்லை. அவருக்கு முப்பது, நாற்பது வயதாக இருந்தபோது எங்கள் ஊரில் யாரிடமும் இந்தச் சோதனை இல்லை. வந்தபோது வயது தாண்டிவிட்டது. அந்தக் காலத்தைத்தான் இன்றைக்கு முப்பதிலும் நாற்பதிலும் இருப்பவர்கள் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேட்கத் தயங்கும் கேள்வி

பெண்கள் குழுவில் இதைப் பேசினால் ஒருவராவது தனியாக வந்து கேட்பார்: இது புருசன்கிட்ட இருந்து வர்றதா, அப்ப டெஸ்ட் பண்ணி ஏதாவது வந்தா வீட்டுல என்ன நினைப்பாங்க? ஹெச்.பி.வி. உடலுறவில் பரவுவது உண்மை. ஆனால் அது யாருடைய ஒழுக்கத்துக்கும் சான்றிதழ் இல்லை. ஒரே ஒருவரோடு மட்டும் வாழ்ந்தவருக்கும் வரும், எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சளி, காய்ச்சல் அளவுக்குச் சாதாரணமாக மனிதர்களிடம் இருக்கிற வைரஸ். சிஸ்டர்கள் பலர் இந்தப் பேச்சே வேண்டாம் என்றுதான் 'கேன்சர்' என்ற சொல்லைத் தவிர்த்து 'கர்ப்பப்பை செக்கப்' என்று சொல்கிறார்கள். அவர்கள் சாமர்த்தியம் எனக்குப் பிடிக்கும். சில நாடுகளில் பெண்கள் தாங்களாகவே ஒரு குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுத்து வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார்கள், மேஜைமேல் படுக்கவே தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் இப்போது முதலில் பரிந்துரைப்பது அந்த வைரஸ் பரிசோதனையைத்தான். அது எங்கள் ஊர் பெஞ்சுக்கும் வந்தால் பாதிப் பயம் போய்விடும்.

என் மகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று, இரண்டு ஊசி, ஆறு மாத இடைவெளியில். புனேயில் தயாராகும் நம் நாட்டு ஊசி 2022-இல் அனுமதி பெற்ற பிறகு விலை முன்பைவிடக் குறைந்திருக்கிறது. தமிழ்நாடு அரசும் 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இதைப் போடும் திட்டத்தை அறிவித்தது. ஊசி போட்டாலும் முப்பது வயதில் சோதனைக்குப் போக வேண்டும் என்று மகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். "அதுக்கு இன்னும் பதினேழு வருசம் இருக்குதும்மா" என்றாள்.

இப்போது என் தூக்கத்தைக் கெடுப்பது அக்கா. பெரியம்மாவின் மகள். 46 வயது. அம்மா பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவர், துவைக்கும் கல்லில் சேலையைப் பார்த்தவர் அவர்தான். அவரும் இதுவரை போகவில்லை. அந்த மேஜையைப் பார்த்தாலே அம்மா நினைவு வருகிறது என்கிறார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. அழைப்புச் சீட்டு காலண்டர் ஆணியில் மாட்டியபடி இருக்கிறது. மூன்று மாதத் தாள் கிழித்தாயிற்று. போன மாதம் கேட்டபோது, "மஞ்சள் வேகவெச்சு முடியட்டும் கண்ணு, ஆள் கிடைக்காம அல்லாடிட்டு இருக்கறோம்" என்றார். நானும் விவாதம் பண்ணவில்லை. இந்த முறை, "சரிக்கா, முடிச்சதும் சொல்லு, நான் வர்றேன்" என்று மட்டும் சொன்னேன். நேற்றிரவு போன் வந்தது. மஞ்சள் வேகவைத்துக் களத்தில் காயப்போட்டாயிற்றாம். காய இரண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் வேலை இல்லை என்றார். சோதனையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நாளை புதன்கிழமை. சாயங்கால பஸ்ஸில் கோபிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன்.